டெஸ் ஏன் இவ்வளவு படவேண்டும்? – கடிதமும் பதிலும்

அன்புள்ள ஆசிரியருக்கு,

வணக்கம். தாமஸ் ஹார்டியின் 'டெஸ் ஆஃப் தி டர்பர்வில்ஸ்' நாவலைக் கல்லூரியில் பி.ஏ. ஆங்கில இலக்கியம் படித்தபோது பாடமாகப் படித்தேன். அப்போது வகுப்பில் சொல்லிக்கொடுத்தது ஒன்றே ஒன்றுதான். ஹார்டியின் உலகத்தில் விதிதான் எல்லாம், மனிதர்கள் அதன் கையில் பொம்மைகள். பதினைந்து மார்க் கேள்விக்கு அது தாராளமாகப் போதுமாக இருந்தது. ஊழ்வினை உருத்துவந்து ஊட்டும் என்று நம் ஊர் மேற்கோளையும் சேர்த்து எழுதி நல்ல மார்க் வாங்கினேன்.

சமீபத்தில் அதே நாவலை மறுபடி எடுத்துப் படித்தேன். முடித்தபோது துக்கத்தைவிட எரிச்சல்தான் அதிகமாக வந்தது. ஒரு பெண்ணை இப்படியா போட்டு வதைப்பது? குதிரை சாகிறது, அலெக் என்ற பணக்காரன் வந்து அவளைக் கெடுக்கிறான், பிறந்த குழந்தை சாகிறது. கடைசியில் ஏஞ்சல் என்று நல்லவன் ஒருவன் கணவனாகக் கிடைக்கிறான் என்று பார்த்தால், எல்லாவற்றையும் சொல்லி அவள் எழுதிய கடிதம் கதவடியில் போட்டபோது கம்பளத்துக்குக் கீழே போய்விடுகிறது! இன்றைய மெகா சீரியல்காரர்கள்கூட இதை எழுதக் கூச்சப்படுவார்கள். டெஸ்ஸும் லேசுப்பட்டவள் இல்லை. கணவன் விட்டுவிட்டுப் போனால் போ என்று இருக்கிறாள். எல்லாவற்றையும் வாங்கிக்கொண்டு நிற்கிறாள். கடைசிவரை எதிர்த்து ஒரு வார்த்தை உண்டா? இது ஆண் எழுத்தாளரின் ஆசைதானே, அழகான பெண் அழகாகக் கஷ்டப்படவேண்டும் என்பது?

என் மகள் பிளஸ் டூ படிக்கிறாள். ஆங்கில நாவல்கள் நிறைய வாசிப்பாள். அலமாரியில் இதைப் பார்த்து எடுக்கட்டுமா என்று கேட்டாள். நான் இன்னும் பதில் சொல்லவில்லை. நீங்கள் என்ன நினைக்கிறீர்கள்?

அன்புடன்,
ம.

*

அன்புள்ள ம.,

டெஸ்ஸைப் படித்துவிட்டு அழுகிறவர்களைவிட எரிச்சல்படுகிறவர்களே அந்த நாவலுக்கு நெருக்கமானவர்கள் என்பது என் எண்ணம். ஹார்டியும் அதை அழுதுகொண்டு எழுதவில்லை, கோபத்தில்தான் எழுதியிருக்கிறார். உங்கள் கோபம் அவர்மேல் திரும்பியிருப்பதற்குக் காரணம் அந்தப் பதினைந்து மார்க் பதில். அதை முதலில் பார்த்துவிடுவோம்.

விதி என்ற பேச்சுக்கு நாவலின் கடைசிப் பக்கத்தில் இருக்கும் ஒரே வாக்கியம்தான் பொறுப்பு. அலெக்கைக் கொன்ற டெஸ்ஸைத் தூக்கிலிட்டதற்கு அடையாளமாக வின்டன்செஸ்டர் சிறையின் கம்பத்தில் கறுப்புக்கொடி ஏறுகிறது. உடனே ஹார்டி, 'நீதி' நிறைவேறிவிட்டது, அமரர்களின் தலைவன் டெஸ்ஸோடு ஆடிய ஆட்டத்தை முடித்துக்கொண்டான் என்று கிரேக்க நாடகாசிரியர் ஈஸ்கிலஸின் பாணியில் ஒரு வரி எழுதுகிறார். நீதி என்ற சொல்லை மேற்கோள்குறிக்குள் வைத்திருக்கிறார். அந்தக் குறிகளைக் கவனிக்காமல் வரியை மட்டும் எடுத்துக்கொண்டுதான் நூறு வருடமாக நோட்ஸ் எழுதுகிறார்கள்.

விதியைப் பற்றி இன்னொரு இடத்திலும் அவர் சொல்லியிருக்கிறார். 11-ஆம் அத்தியாயத்தின் முடிவு. நள்ளிரவில் பனிமூட்டம் சூழ்ந்த காட்டில் தூங்கிக்கொண்டிருக்கும் பெண்ணிடம் அலெக் திரும்பி வருகிறான். டெஸ்ஸின் ஊர்க்காரர்கள் இப்படிப்பட்ட நேரத்தில் 'நடக்கணும்னு இருந்தது, நடந்துடுச்சு' என்று ஓயாமல் தங்களுக்குள் சொல்லிக்கொள்வார்கள் என்று எழுதிவிட்டு, அதுதான் இதிலே பரிதாபம் என்று அடுத்த வரியை வைக்கிறார். விதி என்பது அந்த ஊர்க்காரர்களின் சமாதானம். அந்தச் சமாதானத்தைப் பார்த்துத்தான் ஹார்டி பரிதாபப்படுகிறார். வகுப்பில் நீங்கள் எழுதியது மார்லட் கிராமத்துப் பெரியவர்களின் பதில், ஹார்டியுடையது அல்ல.

சரி, அவருடைய பதில் என்ன? நான் இந்த நாவலை ஒரு கணக்குப் புத்தகம் மாதிரிப் படிக்கிறேன். அதில் பெரிய வரவு செலவு இரண்டு: ஒரு குதிரை, ஒரு வீடு.

குதிரையிலிருந்து வருகிறேன். டெஸ்ஸின் அப்பா ஜான் டர்பிஃபீல்ட் ஒரு குதிரையும் வண்டியும் வைத்துக்கொண்டு சில்லறை வியாபாரம் பார்க்கும் மனிதர். பழைய பிரபு வம்சமான டர்பர்வில்களின் வாரிசு நீ என்று ஒரு பாதிரியார் போகிறபோக்கில் சொல்லிவிட, அந்தச் சந்தோஷத்தில் குடித்துவிட்டுப் படுத்துக்கொள்கிறார். விடிவதற்குள் தேன்கூட்டுப் பெட்டிகளைச் சந்தைக்குக் கொண்டுபோயாக வேண்டும். அப்பாவால் எழுந்திருக்க முடியாது. டெஸ் சின்னத் தம்பியை ஏற்றிக்கொண்டு இருட்டில் வண்டியை ஓட்டிப் போகிறாள். வழியில் கண் அசந்துவிடுகிறது. எதிரே வந்த தபால் வண்டியின் ஏர்க்கால் குதிரையின் நெஞ்சில் ஈட்டி மாதிரி இறங்குகிறது. ரத்தம் பீறிடும் துளையை அவள் கையால் பொத்திப் பார்க்கிறாள்.

இதில் விதி எங்கே இருக்கிறது? குடிகார அப்பா, தூக்கமில்லாத பெண், ஒரே ஒரு குதிரையை நம்பி ஒரு பெரிய குடும்பம். எந்த நாட்டிலும் எந்தத் தெருவிலும் நடக்கக்கூடியது. அடுத்து ஹார்டி எழுதுவதைப் பாருங்கள். செத்த குதிரைக்குத் தோல்காரன் சில ஷில்லிங்தான் தருவேன் என்கிறான். அப்பா வீரம் பேசுகிறார். நாங்கள் நாடாண்ட காலத்தில் எங்கள் போர்க்குதிரைகளைப் பூனைத் தீனிக்கு விற்றதில்லை என்கிறார். குடும்பத்துக்காகப் பல மாதங்களாக உழைக்காத உழைப்பை உழைத்து மறுநாள் குதிரைக்குக் குழி வெட்டுகிறார்! சிரிக்கத்தான் தோன்றும். ஆனால் அந்தக் குழியில் குடும்பத்தின் வருமானத்தைப் புதைத்தாயிற்று. யாரும் டெஸ்ஸைக் குறை சொல்லவில்லை. அவளே தன்னைக் குறை சொல்லிக்கொள்கிறாள். அந்தக் குற்ற உணர்வை அம்மா பிடித்துக்கொள்கிறாள், பணக்காரச் சொந்தக்காரர்களிடம் போய்க் கேள் என்று அனுப்புகிறாள்.

அந்தப் பணக்காரச் 'சொந்தக்காரர்கள்' டர்பர்வில்களே கிடையாது. வடக்கே வியாபாரத்தில் பணம் சேர்த்த ஸ்டோக் என்பவர், தெற்கே வந்து பெரிய மனிதராக வாழ்வதற்காக, அற்றுப்போன வம்சங்களைப் பற்றிய புத்தகங்களைப் புரட்டி ஒட்டவைத்துக்கொண்ட பெயர் அது. அவருடைய மகன்தான் அலெக். ரத்தம் இருக்கிறவர்களிடம் காசு இல்லை, காசு இருக்கிறவன் பெயரை எடுத்துக்கொண்டான்.

காட்டில் அந்த இரவு நடந்ததற்குச் சற்று முன், அலெக் போகிறபோக்கில் ஒரு செய்தி சொல்கிறான். உன் அப்பாவுக்கு இன்று ஒரு புதுக் குதிரை வந்திருக்கிறது, யாரோ கொடுத்திருக்கிறார்கள், தம்பி தங்கைகளுக்கு விளையாட்டுச் சாமான்களும் போயிருக்கின்றன. நீங்கள் கொடுக்காமல் இருந்திருக்கலாம் என்று டெஸ் முனகுகிறாள். வாங்கியதற்குப் பிறகு கோபப்பட முடியாது, நன்றி சொல்லவும் வாய் வரவில்லை. பலரும் இந்த உரையாடலைத் தாண்டிப் போய்விடுகிறார்கள். எனக்கு அந்த அத்தியாயத்தில் மிகக் குரூரமான பகுதி இதுதான்.

இனி வீடு. மார்லட்டில் அவர்கள் இருந்தது மூன்று ஆயுள் குத்தகை வீடு. பத்திரத்தில் மூன்று பேருடைய பெயர் இருக்கும், மூன்றாவது ஆள் சாகும்வரை வீடு குடும்பத்துக்கு, அவர் கண்ணை மூடினால் நிலச்சொந்தக்காரருக்குத் திரும்பிவிடும். ஜான் டர்பிஃபீல்ட்தான் மூன்றாவது ஆயுள். அவர் திடீரென்று சாகிறார், வீடு போகிறது. அம்மாவையும் குழந்தைகளையும் வார வாடகைக்காவது இருக்கவிட்டிருப்பார்கள். ஆனால் கெட்டுப்போன பெண் திரும்பிவந்து அந்த வீட்டில் தங்கியிருக்கிறாள், ஊர் சுத்தமாக இருக்கவேண்டாமா? ஆக, அந்தப் பழியும் அவள் தலையில்.

ஏப்ரல் 6, பழைய கணக்கின்படி 'லேடி டே'. தென் இங்கிலாந்துப் பண்ணைக் கூலிகள் ஒப்பந்தம் முடிந்து வீடு மாறும் நாள். சாலையெல்லாம் தட்டுமுட்டுச் சாமான் ஏற்றிய வண்டிகள். இதெல்லாம் ஹார்டி கற்பனை செய்தது இல்லை. 1883-இல் 'லாங்மன்ஸ்' பத்திரிகையில் டார்செட்ஷயர் விவசாயக் கூலிகளைப் பற்றி நீண்ட கட்டுரை ஒன்று எழுதினார், அதிலிருந்து சில பகுதிகள் அப்படியே இந்த நாவலுக்குள் வந்திருக்கின்றன. டர்பிஃபீல்ட் குடும்பம் கிங்ஸ்பியருக்குப் போய்ச் சேர்ந்தால், பேசிவைத்திருந்த அறைகளை வேறு யாருக்கோ விட்டுவிட்டார்கள். கட்டில் சட்டி பெட்டியெல்லாம் தேவாலயச் சுவரோரம் இறக்கப்படுகின்றன, அதுவும் டர்பர்வில் முன்னோர்களின் கல்லறைகள் இருக்கும் பகுதியின் ஜன்னலுக்குக் கீழே. டெஸ் உள்ளே போய் நிலவறை வாசலில் குனிந்து, நான் ஏன் இந்தக் கதவுக்கு இந்தப் பக்கம் இருக்கிறேன் என்கிறாள்.

அலெக் அங்கே கல்லறை மேலேயே படுத்திருக்கிறான், கல் சிற்பம் மாதிரி. அம்மாவுக்குத் தங்க இடமும் குழந்தைகளுக்குப் படிப்பும் தருகிறேன் என்று ஏற்கெனவே சொல்லியிருந்தான். கணவன் இனி வரமாட்டான் என்றும் சொல்லிக்கொண்டே இருக்கிறான். முதல் தடவை குதிரை, இரண்டாம் தடவை கூரை. கணக்கு முடிந்தது. கடைசியில் சாண்ட்பர்னில் ஏஞ்சல் வந்து நிற்கும்போது, அலெக் எனக்கும் அம்மாவுக்கும் எங்கள் எல்லோருக்கும் நல்லது செய்தான் என்று அவள் சொல்வது இதைத்தான்.

இப்போது உங்கள் கம்பளத்துக்கு வருகிறேன். அந்தக் கடிதத்தை வைத்து ஹார்டியைக் கேலிசெய்வது பழைய விளையாட்டு. ஆனால் கடிதம் தொலைந்துபோகவில்லை, கவனித்தீர்களா? கல்யாணத்துக்கு முன்பே டெஸ் அது கம்பளத்துக்கு அடியில் பிரிக்கப்படாமல் கிடப்பதைக் கண்டுபிடிக்கிறாள். எடுத்துக் கிழித்துவிடுகிறாள். உடனே ஏஞ்சலைப் பிடித்து, என் குற்றம் குறையெல்லாம் சொல்லிவிடவேண்டும் என்கிறாள். அவன் சிரித்துக்கொண்டு, இன்றைக்காவது நீ குறையே இல்லாதவளாக இருக்கவேண்டும், பிறகு பேசிக்கொள்ளலாம் என்று தட்டிவிடுகிறான். தற்செயல் அவளைத் தாமதப்படுத்தியது, அவ்வளவுதான். வாயை அடைத்தவன் அவன்.

அவன் எப்போதுமே அப்படித்தான். பால்பண்ணையில் விடியற்கால மங்கலில் அவளை ஆர்ட்டமிஸ், டிமீட்டர் என்று கிரேக்க தேவதைகளின் பெயர் சொல்லி அழைப்பான். டெஸ் என்று கூப்பிடுங்கள் என்பாள் அவள். கல்யாண இரவில் அவன் முதலில் தன் கதையைச் சொல்கிறான், லண்டனில் முன்பின் தெரியாத ஒரு பெண்ணோடு கழித்த நாற்பத்தெட்டு மணி நேரம். அவள் அந்தக் கணமே மன்னிக்கிறாள். என்னுடையதும் அதேமாதிரிதான் என்று ஆறுதலோடு தன்னுடையதைச் சொல்கிறாள். நான் காதலித்தது உன்னை இல்லை, உன் உருவத்தில் இருந்த வேறொருத்தியை என்பது அவன் பதில். அலெக்கைப் பற்றி நான் அதிகம் எழுதப்போவதில்லை, அவனை அடையாளம் காண நாவல் தேவையில்லை. ஏஞ்சலை அடையாளம் காணத் தேவை. படித்தவன், வேத புத்தகத்தைக் கேள்வி கேட்டவன், சாதி அந்தஸ்து பார்க்காமல் பால்கறக்கும் பெண்ணைக் கல்யாணம் செய்துகொண்டவன். அத்தனை முற்போக்கும் ஒரு ராத்திரி தாங்கவில்லை.

அன்றைய சட்டத்திலும் இந்தத் தராசு இருந்தது. 1857 விவாகரத்துச் சட்டப்படி மனைவியின் கள்ள உறவை மட்டும் காட்டிக் கணவன் அவளை விலக்கிவிடலாம். மனைவி விலக வேண்டுமானால் கணவனின் கள்ள உறவோடு கொடுமையோ கைவிட்டதோ சேர்த்து நிரூபிக்கவேண்டும். டெஸ்ஸின் கதை கல்யாணத்துக்கு முன்பு நடந்ததால் ஏஞ்சலுக்கு அந்த வழியும் கிடையாது. கையில் ஐம்பது பவுண்டு கொடுத்துவிட்டு பிரேசிலுக்குக் கப்பல் ஏறுகிறான். அவள் அதில் பாதியை அம்மாவிடம் கொடுத்துவிடுகிறாள். பிறகு வங்கி மூலம் வந்த முப்பதில் இருபது வீட்டுக் கூரை வேயப் போகிறது. அம்மாவின் கூரைக்குப் பணம் கொடுத்த பெண் சொந்தச் சாப்பாட்டுக்காக ஃபிளின்ட்காம்-ஆஷ் பண்ணைக்குக் கூலிக்குப் போகிறாள்.

இங்கே ஒரு விஷயம் சொல்லவேண்டும். நீங்கள் 'வதை' என்று எழுதியிருக்கிறீர்கள். நாவலில் நம் கண்முன் நிகழும் வதை எது என்று எண்ணிப்பாருங்கள். காட்டில் நடந்தது பனிமூட்டத்தில் மறைந்துவிடுகிறது. கல்யாண இரவில் அவள் சொல்லும் கதையின் ஒரு வாக்கியம்கூட நமக்குக் கேட்காது, பேச ஆரம்பிக்கும்போது ஒரு பாகம் முடிகிறது, பேசி முடித்தபிறகு அடுத்த பாகம் தொடங்குகிறது. கொலையை நாம் பார்ப்பதில்லை. விடுதி நடத்தும் பெண் தன் அறைக் கூரையில் பரவும் சிவப்புக் கறையைப் பார்க்கிறாள், அவ்வளவுதான். தூக்கு ஒரு கொடி. மெகா சீரியல் எதையெல்லாம் காட்டுமோ அதையெல்லாம் ஹார்டி வெட்டிவிட்டார்.

அவர் விலாவாரியாகக் காட்டுவது வேலையை. ஃபிளின்ட்காம்-ஆஷில் நூறு ஏக்கருக்கு மேல் ஒரே வயல். டர்னிப் வகைக் கிழங்கின் மேல்பாதியை ஆடுமாடு கடித்துத் தின்றுவிட்டது. மண்ணுக்குள் இருக்கும் கீழ்ப்பாதியைக் கொத்தி எடுக்கவேண்டும், அதையும் தின்னக் கொடுப்பதற்காக. மேலே நிறமில்லாத வானம், கீழே நிறமில்லாத தரை, நடுவில் இரண்டு பெண்கள். மழை பக்கவாட்டில் அடிக்கிறது, நனைவது என்பது முதலில் காலில் தொடங்கி எங்கெங்கே ஏறுகிறது என்று எழுதுகிறார். பெண்களை ஏன் வைத்துக்கொள்கிறார்கள் என்றால் கூலி குறைவு, அதையும் எழுதுகிறார். பிறகு கதிரடிக்கும் நாள். நீராவி எஞ்சின் ஓட்ட வடக்கேயிருந்து வந்தவன், அவனுக்கும் வயலுக்கும் சம்பந்தமே கிடையாது. டெஸ்ஸை இயந்திரத்தின் மேல்மேடையில் நிறுத்துகிறார்கள், கதிர்க்கட்டுகளை அவிழ்த்துக் கொடுக்க. கீழே நிற்பவர்கள் நடுவில் ஒரு வாய் குடிக்கலாம், ஒரு வார்த்தை பேசலாம். உருளை நிற்காது, அதற்குத் தீனி போடுகிறவன் நிற்க முடியாது, ஆகவே அவளும் நிற்க முடியாது. வெறும் அதிர்வில் உடம்பு மரத்துப்போகிறது. ஆங்கில நாவலில் ஒரு கதாநாயகியின் உடலுழைப்பை இவ்வளவு நெருக்கமாக அதற்கு முன் எழுதியவர்கள் மிகக் குறைவு.

அவள் எதிர்க்கவே இல்லை என்கிறீர்கள். அதே கதிரடிப்பு நாளில், மத்தியான இடைவேளையில், அலெக் வந்து அவள் கணவனைப் பற்றி இழிவாகப் பேசுகிறான். கனமான தோல் கையுறையை எடுத்து அவன் முகத்தில் வீசி அடிக்கிறாள், வாயில் ரத்தம் வருகிறது. அவன் எழுந்ததும், அடி, நசுக்கு, ஒரு தடவை பலியானவள் எப்போதும் பலிதான், அதுதானே சட்டம் என்கிறாள். இதைவிட எதிர்த்து என்ன பேசவேண்டும்? ஏஞ்சலுக்கும் கடைசியில் கெஞ்சல் கடிதம் போகவில்லை. நீ எனக்குச் செய்தது அத்தனையும் அநியாயம், உன்னை மறக்க முயற்சி செய்யப்போகிறேன் என்று அவசரமாக நாலு வரி கிறுக்கி அனுப்புகிறாள்.

இன்னொன்றும் உண்டு. ஃபிளின்ட்காம்-ஆஷுக்குப் போகும் வழியில் ஒரு தோப்பில் இரவு தங்குகிறாள். விடிந்ததும் பார்த்தால், வேட்டைக்காரக் கனவான்கள் சுட்டுவிட்டுப்போன காட்டுக்கோழிகள் சுற்றிலும் பாதி உயிரோடு துடித்துக்கொண்டிருக்கின்றன. ஒவ்வொன்றாக எடுத்துக் கழுத்தை முறித்து வலியை முடித்துவைக்கிறாள். இதுகளைப் பார்த்தபிறகு என் கஷ்டத்தைப் பெரிதாக நினைக்கலாமா, எனக்கு உடம்பில் ஒரு காயமில்லை, உழைத்துச் சாப்பிட இரண்டு கை இருக்கிறது என்கிறாள். தன் துயரத்துக்கு அவளே வைத்திருக்கும் அளவுகோல் இது.

ஹார்டிமேல் நீங்கள் வைத்த குற்றச்சாட்டை முழுக்கத் தள்ளிவிடவும் நான் தயாராக இல்லை. அவளுடைய வாயை, உதட்டை அவர் எத்தனை தடவை வர்ணிக்கிறார்! ஏஞ்சல் பார்ப்பதுபோல் எழுதுகிறேன் என்று சாக்குச் சொல்லலாம், ஆனால் பல இடங்களில் பார்ப்பது ஏஞ்சலோ அலெக்கோ இல்லை, கதை சொல்கிறவரேதான். 1856 ஆகஸ்டில் டார்செஸ்டர் சிறைக்கு வெளியே மார்த்தா பிரவுன் என்ற பெண்ணைப் பொதுமக்கள் முன் தூக்கிலிட்டார்கள். தன்னை அடித்த கணவனைக் கொன்ற பெண். கூட்டத்தில் பதினாறு வயது ஹார்டியும் நின்றார். கிழவரான பிறகும், மழைத்தூறலில் அந்தக் கறுப்புப் பட்டு உடையில் அவள் உருவம் எவ்வளவு அழகாகத் தெரிந்தது என்று நினைவுகூர்ந்து எழுதியிருக்கிறார். படிக்கும்போது சங்கடமாக இருக்கிறது. உங்கள் சந்தேகத்துக்கு அடிப்படை இல்லாமல் இல்லை. ஆனால் நாவலின் கடைசி அத்தியாயத்தில் அவர் நம்மை அந்தக் கூட்டத்தில் நிற்கவைக்கவில்லை. சிறைக்கு வெளியே வெகுதூரத்தில், குன்றின்மேல், எதையும் பார்க்க முடியாத இடத்தில் நிறுத்துகிறார்.

அந்தக் குன்றின்மேல் ஏஞ்சலோடு டெஸ்ஸின் தங்கை லைசா-லூ நிற்பதைச் சிலர் சுபமான முடிவு மாதிரி வாசிக்கிறார்கள். அக்கா கேட்டுக்கொண்டது அது, தங்கையைக் கல்யாணம் செய்துகொள்ளுங்கள் என்று. ஆனால் இறந்த மனைவியின் தங்கையை மணப்பது இங்கிலாந்துச் சட்டத்தில் 1907 வரை செல்லாது. அத்தைமகன், மாமன்மகள், அக்காள் புருஷன் என்று பழகிய நமக்கு இது உறைக்காது. 1891-இல் வாசித்தவர்களுக்கு உறைத்திருக்கும். சாகப்போகிற பெண் கேட்ட கடைசி வரத்தையும் சட்டம் தடுக்கிற மாதிரிதான் ஹார்டி வைத்திருக்கிறார்.

உங்கள் மகளைப் பற்றிய கேள்வி. காட்டுச் சம்பவத்துக்குப்பின் வீடு திரும்பிய டெஸ் அம்மாவிடம் கேட்கிறாள்: ஆண்களால் ஆபத்து உண்டு என்று எனக்கு ஏன் சொல்லவில்லை? பணக்கார வீட்டுப் பெண்கள் நாவல் படிக்கிறார்கள், அதில் இந்தத் தந்திரமெல்லாம் எழுதியிருக்கிறது, அதனால் தற்காத்துக்கொள்கிறார்கள். எனக்கு அந்த வழியும் இல்லாமல் போயிற்றே, நீயும் உதவவில்லையே.

இந்த வரிகள் அடங்கிய நாவலைப் பத்திரிகைகள் என்ன செய்தன என்பது தனிக்கதை. முதலில் ஏற்றுக்கொண்டிருந்த நிறுவனம் அச்சுப்படி பார்த்துவிட்டுக் கைகழுவியது. 'மர்ரேஸ்', 'மேக்மில்லன்ஸ்' இரண்டும் மறுத்தன. எல்லோரும் சொன்ன காரணம் ஏறக்குறைய ஒன்றுதான், வீட்டுப் பெண்பிள்ளைகள் படிக்கும் பத்திரிகை. கடைசியில் 1891-இல் 'தி கிராஃபிக்' வார இதழில் வெளிவந்தபோது காட்டுச் சம்பவத்தை எடுத்துவிட்டு, அலெக் ஒரு போலிக் கல்யாணம் செய்து ஏமாற்றியதாக மாற்றவேண்டியிருந்தது. சாகும் குழந்தைக்கு டெஸ் தானே ஞானஸ்நானம் செய்விக்கும் அத்தியாயம் வேறு பத்திரிகையில் தனியாக வந்தது. இதில் உச்சம் என்னவென்றால், வெள்ளம் தேங்கிய பாதையில் ஏஞ்சல் நான்கு பால்காரப் பெண்களையும் ஒவ்வொருவராகக் கையில் தூக்கிக் கடக்கிற காட்சி. அதில்கூட ஒரு தள்ளுவண்டியைக் கொடுத்து, அதில் உட்காரவைத்துத் தள்ளிக்கொண்டு போகச் செய்தார்கள்! எழுதும்போது ஹார்டியின் முகம் எப்படி இருந்திருக்கும் என்று யோசித்துச் சிரிப்பேன். ஆண்டு இறுதியில் புத்தகமாக வந்தபோது வெட்டியதையெல்லாம் மறுபடி ஒட்டினார், 'தூய பெண்' என்று துணைத்தலைப்பும் போட்டார். அந்தத் துணைத்தலைப்புக்காகவே அடி வாங்கினார். நான்கு வருடம் கழித்து 'ஜூட்' நாவலுக்கும் அதே பூசை நடந்தது. அதோடு நாவல் எழுதுவதையே விட்டுவிட்டார். 1928-இல் சாகும்வரை கவிதைதான்.

ஆக, ஒரு பெண்பிள்ளைக்கு இதைக் கொடுக்கலாமா என்ற உங்கள் கேள்வியை அந்தப் பத்திரிகை ஆசிரியர்களும் கேட்டுக்கொண்டார்கள். அவர்கள் கொடுக்கவேண்டாம் என்று முடிவெடுத்தார்கள். நீங்கள் கொடுங்கள். இடையிடையே ஆயாசமாக இருக்கும், ஏஞ்சல் பிரேசிலில் இருக்கும் பகுதிகளை வேகமாகக் கடந்தால் குற்றமில்லை. சுருக்கப் பதிப்பு மட்டும் வேண்டாம், அதில் கதைதான் மிஞ்சும், கிழங்கு வயல் மிஞ்சாது. ஹார்டி 1892-லும் 1912-லும் எழுதிய முன்னுரைகள் சேர்ந்த பதிப்பாகப் பார்த்து வாங்குங்கள். முன்னுரைகளைக் கடைசியில் படிக்கச் சொல்லுங்கள், முடிவு தெரிந்துவிடும்.

அவள் படித்துவிட்டு ஏஞ்சலைப் பற்றி என்ன சொல்கிறாள் என்று எனக்கு எழுத முடிந்தால் எழுதச் சொல்லுங்கள்.

அன்புடன்.